காலை ஆட்டாதே

அப்பாவின் செருப்பைப் பையில் போட்டு முடிந்துகொண்டிருந்தவளின் தோளை நர்ஸ் தொட்டாள்.

"உங்க தம்பியை ஸ்கேனுக்குக் கொண்டுபோறாங்க. வாங்க."

ஒரு வீட்டு மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்கும்போது கயிறு அறுந்துவிட்டது. கீழே நின்று தாங்கிய அப்பா ஆஸ்பத்திரி வாசலில் உயிரை விட்டார். மேலே பிடித்திருந்த தம்பி பீரோவோடு உருண்டு வந்து காலை நசுக்கிக்கொண்டான். அப்பா போனது அவனுக்கு இன்னும் தெரியாது.

ஸ்ட்ரெச்சரில் அவன் பாதம் மெழுகாய் வெளுத்திருந்தது. டாக்டரம்மா அதில் விரல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். அக்காவைத் தள்ளி அழைத்துப் போனார்.

"நாடி கண்ணாமூச்சி காட்டுது. எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு, ரத்தக்குழாய் எங்க அடிபட்டிருக்குன்னு தெரியணும். கையில மருந்து ஏத்தி சி.டி. ஆஞ்சியோ எடுத்தா இடம் பளிச்சுனு தெரியும். ஆனா அசையக் கூடாது. அசைஞ்சா படம் கலங்கிடும். அப்பா விஷயம்..."

"அப்புறமா நானே சொல்லிக்கிறேன் டாக்டர்."

தம்பி அவள் முந்தானையைப் பிடித்தான்.

"அப்பா எங்கக்கா?"

"பக்கத்து ரூம்ல."

"திட்டினாரா?"

"ஆம்புலன்ஸ்ல வரும்போது, தையல் மிஷின் காலைப் பாருன்னாரு."

அந்த வலியிலும் அவன் சிரித்தான். உட்கார்ந்தால் காலை ஆட்டாமல் இருக்க மாட்டான். சாப்பாட்டு மேசையில் டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். 'தையல் மிஷின்' அப்பா வைத்த பேர். ஒரு வேளைச் சாப்பாடு முடிவதற்குள் நாலு தரமாவது "காலை ஆட்டாதடா" என்பார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அவர் பேச்சைக் கேளு," என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசை நகர்ந்து அவன் ஸ்கேன் வளையத்துக்குள் போனான். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"அண்ணே, உடம்பெல்லாம் வெந்நீர் ஊத்தின மாதிரி இருக்கு. படுக்கையை நனைச்சுட்டேனா?"

"மருந்தோட சூடுப்பா. எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. பேசாம படு," என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

கால் அசையவில்லை. அவள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் தொடை வழியாக ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. முட்டிக்குப் பின்னால் சட்டென்று நின்றது. கொஞ்சம் கறுப்பு. அதற்கும் கீழே, நூலாக, மறுபடி வெள்ளை.

"இந்த ஒரு இடம்தான்," என்றார் டாக்டரம்மா. "சுத்துவழியில கொஞ்சம் ரத்தம் போய்க்கிட்டிருக்கு. இப்பவே தியேட்டருக்குப் போனா காலைக் காப்பாத்திடலாம்."

மறுநாள் ஆபரேஷன் மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு அப்பா போனதைச் சொன்னாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஸ்கேனுக்குப் போகும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் கை மட்டும் தேடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

கட்டுக்கு வெளியே தெரிந்த கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. நின்றது. பிறகு விடாமல் ஆடத் தொடங்கியது. கட்டிலோரத்து மேசையில் டம்ளரும் ஸ்பூனும் அசையாமல் இருந்தன.

அவள் வாய் வரை வந்த 'ஆட்டாதடா'வை விழுங்கிக்கொண்டு, விரலில் உரசிய போர்வையைக் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.