மூடிக்கிடக்கும் கை

ஐந்து விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி, நகம் சதையில் இறங்கி, மேலே கட்டைவிரல் ஏறி அழுத்திக்கொண்டு, ஒருமுறை பிரித்துவிட்டால் போதும் என்று இருக்கிறது பழனிமுத்துவுக்கு, பிரிக்கத்தான் அங்கே கை இல்லை, வலது முழங்கையோடு முடிந்துவிட்டது, மிச்சச் சட்டைத்துணியைப் பெண்டாட்டி ராசாத்தி மடித்து ஊக்குக் குத்தி வைத்திருக்கிறாள், அந்த ஊக்குக்கும் கீழே, வெறும் காற்றில், வலிக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல, சொன்னால் சிரிப்பார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை, நரம்பு இன்னும் கையை மறக்கலைங்க, கொஞ்ச நாள் ஆகும் என்றார், ஐந்து மாதம் ஆயிற்று, என்ன எழவு நரம்போ, கடன்காரன் மாதிரி வாசலை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கண்ணை மூடினால் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரியில் நிற்கிறான், மரவள்ளிக்கிழங்கின் புளித்த வாசம், அரவை மெஷினின் பெல்ட் வழுக்குகிறது, நிறுத்திவிட்டுத்தான் பிடிப்புக்குக் குங்கிலியப் பொடி தூவ வேண்டும், யார் நிறுத்துகிறார்கள், இருபது வருடமாக ஓட ஓடத்தான் தூவுகிறான், அன்றைக்கும் கையை நீட்டினான், பெல்ட் சட்டையைக் கவ்வி இழுத்தது, முன்கை எலும்பு நொறுங்கிப்போனது, விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை, கை மூடியபடி இருந்ததாம், பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பார்த்தவர்களில் ஒருவன் வையாபுரி, கூட வேலை செய்தவன், போன வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, டாக்டர் கெடக்கறாங்கய்யா, எங்க பெரியப்பனுக்குக் கால் எடுத்தப்ப மடக்கிப் பொதைச்சுட்டாங்க, ராவும் பகலும் அலறுனாரு, அப்புறம் தோண்டி நீட்டி வச்சாங்க, மறுநாளே நின்னுபோச்சு, ஒங்கையையும் எவனோ மூடுனபடியே பொதைச்சிருக்கான் என்றான். அட, இது இத்தனை நாள் தோன்றவில்லையே என்று ஆகிவிட்டது இவனுக்கு. மச்சினன்தான் புதைத்திருப்பான் என்று நினைத்திருந்தான், ஒங்கண்ணன் எந்த எடத்துல பொதைச்சாருன்னு கேளு என்றதும், ராசாத்தி அடுப்பு மேடையில் துடைத்த இடத்தையே துடைத்தாள், எங்கண்ணன் அன்னிக்கு வரவே இல்லைங்க, நீங்க மயக்கத்துல இருக்கீங்க, ஆஸ்பத்திரி ஆளு துணியில சுத்திக் கொண்டாந்து, வீட்டாளுங்கதான் வாங்கிட்டுப் போய்ப் பொதைக்கணும்னு நீட்டறாரு, எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு, ஒங்க தங்கச்சிக்குத்தான் போன் பண்ணேன், தனக்கொடிதான் வந்து வாங்கிட்டுப் போச்சு, திட்டறதுன்னா திட்டிக்குங்க.

திட்டவில்லை. அந்தப் பெயர் இந்த வீட்டில் சொல்லப்பட்டு ஒன்பது வருடம் ஆகிறது. புருஷனைப் பறிகொடுத்து நாலு வருடம் தனியாகக் கிடந்தவள், லாரிப் பட்டறைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று வெற்றிலை பாக்கோடு வந்து நிற்கிறாள், நீலச் சேலை, நெற்றியெல்லாம் வேர்வை, நீ வரக்கூட வேணாம்ணா, இதை மட்டும் கையில வாங்கிக்க என்கிறாள், இவன் வலது கையை இறுக மூடிக்கொள்கிறான். அவள் விளையாட்டுப்போலப் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிரிக்கிறாள், சுண்டுவிரலைப் பிரித்தால் மோதிரவிரல் மூடிக்கொள்கிறது, முதலில் சிரித்துக்கொண்டேதான் பிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை, பிறகு விட்டுவிட்டாள். ஊரு காறித் துப்புது, ஒனக்கு வெக்கமா இல்லையா என்று கத்தினான், கசங்கிய வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போனாள். ஊர் ஒரு வாரம் பேசியது, அப்புறம் வேறு யாரையோ பேசப் போய்விட்டது, இந்த மடையன் மட்டும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தான், வாங்கியிருக்கலாம், ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு, என்ன குறைந்துபோயிருக்கும்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம், விலாசம் ராசாத்தி சொன்னதுதான், வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள், தலை பாதி நரைத்திருந்தது, வாண்ணா என்றாள், போன வாரம்தான் வந்துபோனவனைக் கூப்பிடுவதுபோல. எப்படியிருக்கே என்று கேட்க வந்தவன் வாயில், கையை எங்கம்மா பொதைச்சே என்றுதான் வந்தது. அவள் வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு அழைத்துப் போகிறாள், எலுமிச்சைச் செடியோரம் நாலு செங்கல் வைத்த இடம், சுடுகாட்டுக்குத்தான் கொண்டு போனேன், பொம்பளை உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க, நான் எங்கண்ணா போவேன், மடியில வச்சுக்கிட்டே ஆட்டோவுல வந்தேன், நீதான் என் வீட்டு வாசப்படி மிதிக்கல, ஒங்கையாவது வந்துச்சேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

தோண்டணும் தனம், மூடுனபடியே பொதைச்சிருக்கே, அதுதான் வலிக்குது, நீட்டி வச்சா நின்னுருமாம் என்றான். அவள் செங்கல் மேல் கிடந்த எலுமிச்சை இலையைத் தள்ளினாள். மூடித்தான் இருந்துச்சு, நான்தான் மஞ்சத் தண்ணியில கழுவி ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன், நல்லா விரிச்சுத்தான் வச்சிருக்கேன், கழுவுன அன்னிக்கு மட்டும் நீ மல்லுக்கு நிக்கலை அண்ணா, சட்டுனு பிரிஞ்சு குடுத்துருச்சு.

தோண்டிப் பிரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது செங்கல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான், தப்புப் பண்ணிட்டேன் தனம், பெரிய தப்பு, இன்னும் மூடித்தான் இருக்கு, பிரிய மாட்டேங்குது என்று பெண்பிள்ளை மாதிரி அழுகிறான், அவளும் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள், எங்க இருக்கு, காட்டு என்றாள், இடது கையால் காட்டினான், இங்கயா, இன்னும் கொஞ்சம் கீழ, அவள் காற்றைத் தொட்டு, சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஆரம்பித்தாள், ஒன்று, அப்புறம் ஒன்று, பிரிஞ்சு வந்துருச்சா, இப்ப வந்துருச்சா என்று கேட்டுக்கொண்டே, பட்டறைக்காரர் பின்வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போகிறார், அவளுக்கு மூச்சு வாங்குகிறது, நெற்றியெல்லாம் வேர்வை. வந்துருச்சும்மா என்றான். வரவில்லை, நகம் சதைக்குள்தான் இருந்தது, அவள் முகம் மலர்ந்து, பாத்தியா, அன்னிக்கே விட்டிருந்தா நான் பிரிச்சிருப்பேன், வா, சாப்பிட்டுப் போகலாம் என்று எழுந்தாள், பழனிமுத்து அந்த மூடிய கையையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வீட்டுக்குள் போனான்.