ஓலோ காம்பூ ஆடாத ஐம்பத்திரண்டு ஆட்டங்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய் அறிக்கையில் பிறந்தது. அறிக்கையை எழுதியவன் நான்.

போபோ நகரத்துப் பெரிய சந்தைக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் பம்பு விற்கிறேன். எதிரே பள்ளிக்கூடம். அதன் பி.டி. மாஸ்டர் ப்ரோஸ்பேர் தியேந்த்ரெபெயோகோ [இந்தப் பெயரை இன்னொரு முறை எழுதுவதாக இல்லை, மாஸ்டர் என்றால் அவர்தான்] ஒரு நாள் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"பம்புக்காரரே, உங்களுக்கு பிரெஞ்சு நல்லா எழுத வரும்ல?"

"கொட்டேஷன் எழுதற அளவுக்கு வரும்."

"அது போதும். ஒரு ரக்பி ஆட்டத்தப் பத்தி எழுதணும்."

"எப்ப நடந்த ஆட்டம்?"

"நடக்கல. அதான் உங்ககிட்ட வந்தேன்."

விஷயம் இதுதான். ஐந்து நகரக் கோப்பை என்று ஒரு போட்டி. ஒரு ஊரில் நான்கு குழுக்கள் மூன்று வருடம் தமக்குள் ஆடியிருந்தால்தான் அந்த ஊருக்கு அதில் இடம். போபோவில் இருந்தது ஒரே குழு, மாஸ்டரின் கெளுத்திகள். மொத்தம் பதினேழு பேர். எட்டு பேர் ஒரு பக்கம், எட்டு பேர் மறுபக்கம் ஆடுவார்கள். பதினேழாவது ஆள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

2

இந்த இடத்தில் கதையை வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன்.

'மேற்கு ஆப்பிரிக்காவில் ரக்பி விளையாட்டின் தோற்றமும் வளர்ச்சியும் என்பது' — இதைத் தட்டும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

'செம்புழுதி பறந்த மைதானத்தில் முப்பது வீரர்கள்' — முப்பது பேர் எங்கே இருந்தார்கள்? அடித்துவிட்டேன்.

சரி, நடந்ததையே சொல்கிறேன். மூன்று குழுக்களை உண்டாக்கினேன்: ரயிலடி யானைகள், பஞ்சாலைக் காளைகள், கூ நதி முதலைகள். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு தொழில். ஐம்பத்திரண்டு ஆட்டங்கள் எழுதினேன். பம்பு வாங்க வந்தவர்களைக் காக்க வைத்து எழுதினேன். இதில் எனக்குப் பிடித்தவன் யானைகளின் தலைவன் ஓலோ காம்பூ. வெண்ணெய் எடுக்கிற ஷியா கொட்டைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் என்று வைத்தேன். பந்தைப் பிடித்தால் ஏழு பேர் தொங்கினாலும் விழமாட்டான்.

மாஸ்டர் என்ன செய்தார் என்றால், அறிக்கையின் ஒரு நகலை உள்ளூர் வானொலிக்கும் கொடுத்துவிட்டார். அவர்கள் திங்கட்கிழமை தோறும் அதை வாசித்தார்கள். [எனக்கு வாய்த்த முதல் வாசகர்கள் காதால் படித்தவர்கள்.]

இரண்டாவது வருடம் ஓர் ஆட்டத்தில் ஓலோவைச் சேர்க்க மறந்துபோனேன். அவன் ஏன் வரவில்லை என்று காரணம் சொல்ல வேண்டாமா? தாயார் காலமானார் என்று ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான்.

3

மூன்றாவது வருடம் ஜூன் மாதம் கடிதம் வந்தது. கோப்பைக் குழுவின் செயலாளர் ஒர்த்தான்ஸ் நிக்கியெமா அம்மையார் தலைநகர் வாகாடூகுவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார். கெளுத்திகளும் யானைகளும் மோதுவதைப் பார்க்க வேண்டும். முக்கியமாக ஓலோ காம்பூவைப் பார்க்க வேண்டும். கடிதத்தை மாஸ்டர் எனக்குக் காட்டுவதற்குள் வானொலி அதை ஊருக்கே சொல்லிவிட்டது.

மறுநாள் காலை கடைக்குள் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

"நீங்கதான் எழுதறவரா?"

"நான் பம்பு விக்கறவன்."

"எங்கம்மாவக் கொன்னது நீங்கதானே?"

என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"எம் பேரு ஓலோ காம்பூ. ஷியா கிடங்குல மூட்ட தூக்கறேன். எங்கம்மா காவூவாவுல இருக்காங்க. வானொலியில கேட்டுட்டு சொந்தக்காரங்க அத்தன பேரும் சோளமும் கோழியுமா எழவு கேக்க வந்துட்டாங்க. கதவத் தொறந்தது எங்கம்மா. கோழியத் திருப்பிக் குடுக்கறதா வேணாமான்னு ரெண்டு நாள் பஞ்சாயத்து."

"ஐயா, நான் வேணும்னு பண்ணல. மன்னிப்பு கேட்டு வானொலிக்கு எழுதிடறேன்."

"அதெல்லாம் வேணாம். ஞாயித்துக்கெழம நான் ஆடறேன்."

"உங்களுக்கு ரக்பி தெரியுமா?"

"தெரியாது. ஆனா மூணு வருஷமா ஆடிட்டுத்தானே இருக்கேன்."

4

இந்த மனிதரை நீங்கள் நம்புகிறீர்களா? எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு எழுத்தாளனுக்கு இவ்வளவு வசதியாகவா பாத்திரம் கடைவாசலில் வந்து நிற்கும்? முக்காலியைத் தள்ளிப்போட்டு உட்காரச் சொன்னேன். முக்காலி முனகியது. நிஜமான ஆள்தான். [இனி என் ஓலோ 'அவன்', இவர் 'அவர்'. குழப்பம் வராது.]

கிடங்கில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம். முதலில் மறுத்திருக்கிறார். அடக்கம் என்று நினைத்து இன்னும் மரியாதை கொடுத்தார்கள்.

"அப்புறம் என்ன பண்றது? ஞாயித்துக்கெழமயானா பையத் தூக்கிட்டு ரயிலடிக்குப் போயிடுவேன். மத்தியானம் வரைக்கும் பிளாட்பாரத்துல உக்காந்திருப்பேன். வரும்போது கொஞ்சம் மண்ண எடுத்து சட்டையில பூசிப்பேன்."

"மூணு வருஷமா?"

"ஒரு தடவ எனக்கு முழங்கால்ல அடின்னு எழுதினீங்கல்ல? எந்த முழங்கால்னு எழுதல. ஒரு நாள் எடது, ஒரு நாள் வலதுன்னு மாத்தி மாத்தி நொண்டினேன். ஒருத்தனும் கவனிக்கல."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கதையை எழுதும் தகுதி எனக்கு

— விடுங்கள்.

"கிடங்குல பதிமூணு பேரு வரேன்னிருக்காங்க. எனக்குப் பின்னாடி ஆடுவாங்க. அம்மாவும் வர்றாங்க. செத்ததுக்கு அப்புறம் மொத தடவையா போபோவுக்கு வர்றாங்க."

பதிமூன்றும் ஒன்றும் பதினான்கு.

"பதினஞ்சாவது ஆளு?" என்றேன்.

"நீங்கதான். எங்கள உண்டாக்கினது நீங்கதானே?"

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இதை எந்த அறிக்கையிலும் நான் எழுதியிருக்கமாட்டேன்.

5

மைதானத்தை ஒட்டி க்ளெமாந்தீன் தோயே சிவப்புச் சோளத்தில் கள் காய்ச்சி விற்கிறாள். கோடு போடச் சுண்ணாம்பு இல்லாததால் அவளுடைய அடுப்புச் சாம்பலைத்தான் கேட்டு வாங்கினோம்.

"வாடா என் அடிமையே," என்றாள் மாஸ்டரைப் பார்த்து. "ஊரையே ஏமாத்தினது போதாதுன்னு எஞ் சாம்பல வேற அள்ளிட்டுப் போறியா?"

"நாய்த்தல திங்கற சாமோக்காரிக்கு ரக்பியப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியும்டா. மோசிக்காரன் கைக்குப் பந்து போனா பந்து கோணலாயிடும். இந்தா பாரு, கோணலாத்தான் இருக்கு."

[மோசிகளும் சாமோக்களும் இரண்டு இனங்கள்; ஒருவரை ஒருவர் இப்படித் திட்டி விளையாடுவது பரம்பரை வழக்கம். மரியாதையாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும்.]

மாஸ்டர்தான் நடுவர். சுமைக்காரர்களுக்கு விதிகளைச் சொன்னார்.

"பந்த முன்னாடி எறியக் கூடாது. பின்னாடிதான் எறியணும்."

"முன்னாடி போறதுக்குப் பின்னாடி எறியணுமா? யாரு யோசிச்சா இத?"

"வெள்ளக்காரன்."

"அப்ப சரி."

நிக்கியெமா அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். மைதானத்தின் கடைசிக் கோட்டு ஓரத்தில், க்ளெமாந்தீனின் பெரிய குடைக்குக் கீழே, முக்காலியில் ஓலோவின் அம்மா. சின்ன உருவம். இறந்தவர் என்று சொல்லவே முடியாது.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. கெளுத்திகளுக்குப் பழக்கம் உண்டு, எங்களுக்கு இல்லை. நாற்பத்து நான்குக்குச் சுழியம் என்று நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தபோது பந்து வழுக்கிக்கொண்டு என் வயிற்றில் வந்து மோதியது. பயத்தில் பின்னால் தள்ளினேன். அது விதிப்படி சரியாம். பின்னால் நின்றவர் ஓலோ.

அவர் ஓடவில்லை. பந்தை மூட்டை போலத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். முதலில் என் மேல் மிதித்து நடந்தார். நான் முகம் குப்புறச் சேற்றுக்குள் போனேன். அதற்குப் பிறகு நடந்ததைக் காதால்தான் கேட்டேன். கெளுத்திகள் ஒவ்வொருவராக அவர்மேல் விழும் சத்தம். ஆறு, ஏழு. கிடங்கு ஆட்களின் கூச்சல். நான் ஓலோவுக்கு எழுதியதை ஓலோ செய்துகொண்டிருந்தார், நான் சேற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

கோல் கோட்டைத் தாண்டியதும் பந்தைத் தரையில் வைத்தால் போதும். ஆனால் சுமைக்காரர் யாராவது இடம் காட்டாமல் சுமையை இறக்கமாட்டார்.

"எங்க எறக்கணும்?" என்று அவர் கத்தினார்.

நடுவர் பதில் சொல்லக் கூடாது. "அங்கயே எறக்கு கேப்டன்!" என்று பதிமூன்று பேர் கத்தியது மழையில் அவருக்குக் கேட்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார். குடைக்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மா, எங்க எறக்கட்டும்?"

"ஈரத்துல வெக்காதடா. இங்க வை, எங்கால்கிட்ட."

வைத்தார்.

6

கோல் கோட்டைத் தாண்டி, மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கு உள்ளே வைத்தால் ஐந்து புள்ளி. வெளியே என்றால் ஒன்றுமில்லை. கோடு சாம்பல். சாம்பலை மழை கொண்டுபோய்விட்டது.

"உள்ளதான்," என்றார் மாஸ்டர், கண்ணாடியைத் துடைத்தபடி.

"வெளிய," என்றாள் க்ளெமாந்தீன். "மோசி உள்ளன்னா அது வெளிய."

நிக்கியெமா அம்மையார் நனைந்த நோட்டை மூடிவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"ஐம்பத்திரண்டு ஆட்டம் படிச்சிருக்கேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், எதுலயும் ஒரு சொட்டு மழ இல்ல. மழக்காலத்துல, போபோவுலயா?"

வாயிலிருந்த சேற்றைத் துப்பினேன்.

"மூணாவது அறிக்கையிலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் மேடம் விட்டீங்க?"

"அந்த முழங்கால் சரியாச்சான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு," என்றார். உடனே முகத்தை அதிகாரியாக்கிக்கொண்டார். "அத்தனையும் கிழிச்சுப் போட்டுடறேன். இந்த வருஷம் உங்களுக்கு இடம் கெடையாது. இதுதான் உங்க மொத ஆட்டம். வர்ற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளிக்குள்ள அறிக்க வேணும். நடந்தது மட்டும்."

ஓலோவின் அம்மாவிடம் போய்க் கேட்டேன். எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள், கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா?

அவர் கள்ளை ஒரு மிடறு குடித்தார். "செத்தவகிட்ட சாட்சி கேக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

முடிவு ஒன்று: உள்ளே. ஐந்து புள்ளி. கிடங்கில் திங்கட்கிழமை அவரைத் தோளில் தூக்குகிறார்கள். [தூக்க முயன்று இரண்டு பேருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.]

முடிவு இரண்டு: வெளியே. சுழியம். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கேப்டன் என்ற சொல் மெல்ல

இரண்டையும் ஓலோவிடம் வாசித்துக் காட்டினேன். சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அஞ்சோ சுழியமோ, நெஜமானத எழுதுங்க பம்புக்காரரே. இனிமே என்னால நொண்ட முடியாது."

அடுத்த ஞாயிறு கிடங்கிலிருந்து இன்னும் ஒன்பது பேர் வந்தார்கள். பஞ்சாலையிலிருந்து இரண்டு பேர் வந்து, காளைகள் என்று ஒரு குழு இருக்கிறதாமே, அதில் சேர யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார்கள். இந்த நாட்டில் ரக்பி வளர்ந்த விதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்று வியாழன். அறிக்கைத் தாள் என் முன்னால் இருக்கிறது. நாள், இடம், மழை, எல்லாம் எழுதிவிட்டேன். 'யானைகள் எடுத்த புள்ளி' என்ற இடத்தில் மட்டும் [      ].

மாஸ்டர் கண்ணாடியில் தண்ணீர். க்ளெமாந்தீனுக்குக் கண்ணைவிட வாய் முக்கியம். அம்மையாரின் கண் நனைகிற நோட்டில். ஓலோவின் முதுகில் ஏழு பேர். நான் சேற்றில் கிடந்தேன். நனையாமல் உட்கார்ந்து, முதலிலிருந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் ஒருவர்தான்.

சொல்லுங்கள், அம்மாவின் முக்காலி எந்தப் பக்கம் இருந்தது?