எழுபத்தைந்தாவது ஆள்

சட்டையில் குத்திக்கொள்கிற அட்டையில் என்ன பேர் எழுதட்டும் என்று கேட்டார்கள். அவன் வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"பீரோன்னு போடுங்க."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரிக்கவில்லை. பீரோ என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். அவள் அட்டையில் "வால் நட்சத்திரம்" என்று இருந்தது. பக்கத்தில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த தாடிக்காரர் மார்பில் "எட்டாம் கிரகம்". அறிவியல் கதை வாசிக்கிறவர்கள் கூடுகிற இந்த மாநாட்டில் பட்டப்பேர்தான் பேர் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமானை லாரியில் ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. இரும்பு பீரோவைத் தனியாளாக முதுகில் கட்டி மாடி ஏறுவான். அதில் வந்த பேர் அது. அத்தை என்பது அவன் மாமியார். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்க்கிற வேலை அவளுக்கு. மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா இருக்கத் தெரியாத பிறவி, அதனால் ஒரு கதை எழுதிவிட்டாள்.

நிலாவில் ஒரு தண்ணீர் நிலையம். ஊர் ஜனமெல்லாம் வேறு கிரகத்துக்குக் குடிபோய்விட்டது. ஆனாலும் ஒரு பொம்பளை மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். காலியான ஊரில் ஏதோ ஒரு வீட்டுக் குழாய் மட்டும் தினமும் திறந்து மூடுவதை முள் காட்டுகிறது, அதனால்தான். அவ்வளவுதான் கதை. தொழிற்சங்கத்துக்காரர்கள் அதைச் சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். பீரோ எழுத்துக் கூட்டக் கற்றதே இரண்டு பிள்ளை பிறந்த பிறகு. முதல் பக்கத்தில் தொடங்கி கடைசிப் பக்கம்வரை அவன் படித்து முடித்த முதல் புத்தகம் இதுதான். முடித்த அன்று தெருக்குழாயை மூடும்போது மெதுவாக மூடினான், எங்கேயோ ஒருத்தி முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி.

ஆனால் அந்தப் புத்தகத்துக்கு ராசியில்லை. வருஷக் கடைசியில் அச்சாகி, கட்டோடு ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டது. வெளியே வந்தபோது விருதுக்குக் கதைகளை முன்மொழிகிற நாள் தாண்டிப் போயிருந்தது. போன வருஷம் வந்த கதைக்கு இந்த வருஷம் விருது, அதுதான் மாநாட்டு விதி. வயது தாண்டினால் தாண்டியதுதான்.

விதிக்குள்ளேயே ஒரு சந்தும் இருந்தது. ஒரு கதை ஜனங்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று உறுப்பினர்கள் நினைத்தால், அதற்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாம். எதிர்ப்பைப் போல இரண்டு மடங்காவது ஆதரவு வேண்டும். அந்தத் தீர்மானம் இன்றைக்கு வருகிறது. விழுந்தால் அத்தையின் கதை எப்போதைக்கும் விழுந்தது.

பீரோ உறுப்பினராகச் சேர்ந்திருந்தான். அத்தை சேரவில்லை. "என் கதைக்கு நானே எந்திரிச்சு நிக்கணுமா? அந்த மானக்கேடு வேண்டாம். நான் பின்னாடி வேடிக்கை பாக்குறவங்களோட உக்காந்துக்கறேன். நீங்க போய் நில்லுங்க மாப்பிள்ளை. நிக்கறதுதானே உங்க வேலை."

"சுமக்கறது, அத்தை."

"ரெண்டும் ஒண்ணுதான்."

கூட்டத்துக்கு முன்னால் தேநீர் குடிக்கும்போது தீர்மானத்தைக் கொண்டுவருகிற நூலகரம்மா வந்து உட்கார்ந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய பை. பீரோ காலையிலிருந்து மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான்.

"இதுக்கெல்லாம் முதலாளி யாரும்மா?"

"யாருமில்லையே."

"சரி, வெளியூர்ல இருக்காருன்னு வைங்க. இங்க மேஸ்திரி யாரு?"

"அதுவும் இல்லைங்க." அவர் சிரித்தார். "ஒவ்வொரு வருஷமும் ஒரு ஊர்க்காரங்க 'நாங்க நடத்தறோம்'னு கேப்பாங்க. எந்த ஊர்னு நாங்க ஓட்டுப் போடுவோம். நடத்துவாங்க, முடிஞ்சதும் கணக்கை ஒப்படைச்சுட்டுக் கலைஞ்சுடுவாங்க. அடுத்த வருஷம் வேற ஊர், வேற ஆளுங்க. மிச்சம் இருக்கறது விதியும், வர்றவங்களும்தான்."

"விதியை யாரு போட்டது?"

"நாங்கதான். மாத்தறதும் நாங்கதான். ஆனா இந்த வருஷம் சரின்னு சொன்னா மட்டும் பத்தாது. அடுத்த வருஷம், அடுத்த ஊர்லயும் சரின்னு சொல்லணும்."

"அது எதுக்கு ரெண்டு தடவை?"

"கோபத்துல எடுத்த முடிவைத் தூங்கி எந்திரிச்சு ஒரு தடவை பாக்க வேண்டாமா?"

விருதுக்கும் நீதிபதி கிடையாதாம். எல்லாரும் கதைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுக் கொடுப்பார்களாம். கடைசியாக நிற்கிற கதையைக் கழித்துவிட்டு, அதை முதலில் போட்டவர்களின் ஓட்டை அவர்கள் அடுத்ததாகப் போட்ட கதைக்குச் சேர்ப்பார்கள். ஏதாவது ஒரு கதைக்குப் பாதிக்கு மேல் ஓட்டு வருகிறவரைக்கும் இப்படியே. அந்த வரிசையில் "யாருக்கும் வேண்டாம்" என்றும் ஓர் இடம் இருக்கிறது.

"அது ஜெயிக்குமா?" என்றாள் அத்தை.

"ஜெயிச்சிருக்கு."

"அடடா. மாப்பிள்ளை பாக்கறப்போ இப்படி ஒரு எடம் இருந்திருந்தா நான் அதுலதான் குத்தியிருப்பேன்."

பீரோ காதில் அது விழவில்லை. அவன் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில், யாராவது நின்று கத்தாமல் ஒரு நாற்காலி நகர்ந்து அவன் பார்த்ததில்லை. இங்கே ஒருத்தர் மைக்குக்கு ஒயர் இழுக்கிறார், ஒருத்தர் தண்ணீர்ப் பானையை நிரப்புகிறார், ஒரு பேராசிரியர் பெருக்குகிறார். யாரும் யாரையும் ஏவவில்லை. கூலியும் இல்லையாம். எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய பீரோவைத் தூக்குகிறார்கள், ஆனால் கீழே யார் முதுகு இருக்கிறது என்று தெரியவில்லை. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கூட்டம் தொடங்கியது. தலைமை ஒரு பல் டாக்டரம்மா. குரல் ஊசி போடுகிற மாதிரி, வலிக்கும் முன் முடிந்துவிடும். பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிஷம், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் மணி அடிப்பார். அவருடைய சொந்தச் சிநேகிதிக்கே பாதி வாக்கியத்தில் அடித்தார்.

நூலகரம்மா பேசினார். கிடங்கில் மாட்டிய கதையைச் சொன்னார். "எழுதினவங்க மேல தப்பில்ல. படிக்காதவங்க மேலயும் தப்பில்ல. நடுவுல ஒரு பூட்டு தொங்கிச்சு. அவ்வளவுதான்."

எதிர்த்துப் பேச எழுந்தவர் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். எல்லாரும் அவரை மேகம் என்றே கூப்பிட்டார்கள். பீரோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான், மட்டமாகப் பேசப்போகிறான் இந்த ஆள் என்று. மேகம் அப்படிப் பேசவில்லை.

"இந்தக் கதை நல்லா இருக்கும்னே வைச்சுக்குவோம். ஆனா தாமதம் யாருக்குத்தான் இல்லை? இன்னைக்கு இரக்கப்பட்டு ஒரு கதவைத் திறந்தா, நாளைக்கு அது வழியா நூறு பேர் வருவாங்க. அவங்கள்ல யாரை நாம வேண்டாம்னு சொல்லுவோம்? இல்லைன்னு சொல்ல முடியாத விதி, விதியே இல்லை."

அட, நியாயம்தானே என்று பீரோவுக்கே பட்டது. அத்தையைத் திரும்பிப் பார்த்தான். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்!

கை தூக்கச் சொன்னார் டாக்டரம்மா. எவ்வளவு என்று கண்ணால் மட்டுக்கட்ட முடியவில்லை. "எண்ணிடுவோம். கதவைச் சாத்துங்க. ஆதரவு உள்ளவங்க எந்திரிங்க."

எப்படி எண்ணுவார்கள் என்று பீரோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் வரிசையில் இடது ஓரத்து ஆள் "ஒண்ணு" என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்தவர் "ரெண்டு", உட்கார்ந்தார். "மூணு", "நாலு". வரிசை முடிந்ததும் எண்ணிக்கை பாம்பு மாதிரி வளைந்து, பின்வரிசையில் வலது ஓரத்திலிருந்து திரும்பி வந்தது. கீச்சுக் குரல், கட்டைக் குரல், இருமிக்கொண்டே ஒரு "முப்பத்தொன்பது", தூங்கி எழுந்த மாதிரி ஒரு "நாப்பது". சொன்ன தலை தாழ்ந்தது, அடுத்த தலை பேசியது. சீட்டு இல்லை, மிஷின் இல்லை. ஒவ்வொரு ஆளும் தன்னைத் தானே எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யாரும் மறைக்க முடியாது.

அவனுக்குச் சின்ன வயசில் பார்த்த கட்டட வேலை ஞாபகம் வந்தது. செங்கல் வரிசை. கீழேயிருந்து மேல்தளம்வரை ஆட்கள் நிற்பார்கள், கல் கை மாறி கை மாறிப் போகும். இங்கே கல்லுக்குப் பதில் எண் போகிறது. அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

பாம்பு அவன் வரிசைக்கு வந்தது. அவன்தான் அந்த வரிசையில் கடைசி ஆள். "எழுபத்தி நாலு" என்றான். குரல் அவனுக்கே புதுசாக இருந்தது. உட்கார மறந்து, எண் எப்படிப் போகிறது பார்ப்போம் என்று பின்னால் திரும்பினான். அவனுக்கு நேர் பின்னால் ஒரு பெரியம்மா, மூட்டுவலிக்காரி, முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள், மூச்சு வாங்குகிறாள், சத்தம் வரவில்லை. வரிசையில் ஓர் இடைவெளி விழுந்தது.

செங்கல் வரிசையில் பின்னால் இருக்கிறவன் தடுமாறினால், முன்னால் இருக்கிறவன் ஓர் எட்டுப் பின்வாங்கி அவன் கல்லையும் தானே வாங்குவான். கல் கீழே விழக்கூடாது, அதுதான் தர்மம். பீரோவின் உடம்பு அதைச் செய்தது.

"எழுபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

பெரியம்மா மூச்சைப் பிடித்து, "எழுபத்தாறு" என்றாள். எண் போய்க்கொண்டே இருந்தது.

ஆதரவு நூற்று இருபத்திரண்டு. பிறகு எதிர்ப்பு உள்ளவர்கள் எழுந்து, அதேபோல எண்ணி, உட்கார்ந்தார்கள். அறுபத்தொன்று.

"சரியா ரெண்டு மடங்கு" என்றார் டாக்டரம்மா. கூடம் ஆவென்றது. நூலகரம்மா பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அத்தை முகம் பூத்த மாதிரி ஆனது. அந்த முகத்தை அவன் அதுவரை பார்த்ததேயில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுபத்தி நாலும் நான், எழுபத்தஞ்சும் நான்.

சும்மா இருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. பெரியம்மாவுக்கே தெரிந்ததோ என்னவோ. ஆனால் நூற்று எண்பது பேர் தங்களைத் தாங்களே ஒழுங்காக எண்ணிக்கொண்ட இடத்தில், எண்ணுகிறவர்களை நம்பி யாரும் காவல் வைக்காத இடத்தில், ஓர் ஆள் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறான், அவனுடைய நாற்காலியிலேயே. பீரோ எழுந்தான். இரும்பு பீரோவோடு மூன்று மாடி ஏறுவது இதைவிடச் சுலபம்.

"அம்மா... ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

"என்னது?"

"பின்னாடி அம்மா எந்திரிக்க லேட்டாச்சு. கல்லு விழுந்துடுமேன்னு... எண்ணு விட்டுப்போயிடுமேன்னு நானே சொல்லிட்டேன்."

டாக்டரம்மா பெரியம்மாவைப் பார்த்தார். "ஆமா தாயி," என்றாள் அவள், "எனக்கு ஒத்தாசை பண்றாருன்னுல்ல நெனச்சேன்."

சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. எல்லாரும் மனசுக்குள் ஒன்றைக் கழித்துப் பார்த்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. பின்னாலிருந்து அத்தையின் முணுமுணுப்பு மொத்தக் கூடத்துக்கும் கேட்டது: "தவளை தன் வாயாலதான் கெடும்னு சும்மாவா சொன்னாங்க."

"ஆதரவு நூத்தி இருபத்தொண்ணு" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு குறையுது. தீர்மானம்..."

"தலைவரே."

எழுந்தவர் மேகம். எதிர்த்தவர். பீரோவுக்கு எரிந்தது. ஜெயித்தாச்சே, இன்னும் என்ன?

"தலைவரே, நீங்க இன்னும் ஓட்டுப் போடலை. தலைவர் ஓட்டால முடிவு மாறும்னா மட்டும் தலைவர் போடலாம்னு விதி இருக்கு. இப்ப மாறும். அதைச் சொல்லாம முடிவை அறிவிச்சா, நான் ஜெயிச்சதா இருக்காது."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பீரோ அந்த ஆளின் முதுகையே பார்த்தான். தோற்கிற வழியைத் தானே திறந்து காட்டிவிட்டு ஒரு மனுஷன் இவ்வளவு சாதாரணமாக உட்கார முடியுமா? முதலாளி இல்லாமல் இது எப்படி நிற்கிறது என்று காலையிலிருந்து தேடினானே, அந்த முதுகு இதுதான் போலிருக்கிறது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"மேகம் சொன்னது சரி. எனக்கு உரிமை இருக்கு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நான் அந்தக் கதையைப் படிக்கலை. நல்லதா கெட்டதான்னு தெரியாது. இந்தத் தீர்மானம் வந்த நாள்லேருந்து தேடினேன். ரெண்டு கடையில கேட்டேன், இல்லைன்னாங்க. நூலகத்துல இருந்த ஒண்ணும் வெளியே போயிருக்கு. நம்ம முன்னாடி இருக்கற கேள்வி, கதை நல்லதாங்கறது இல்லை. அது கைக்கு வந்து சேர்ந்ததாங்கறதுதான். எனக்கு வந்து சேரலை."

எழுந்து நின்றார்.

"நூத்தி இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மூச்சில், "தீர்மானம் நிறைவேறுது. அடுத்தது என்ன?"

கை தட்டினார்கள். டாக்டரம்மா மணியடித்து நிறுத்தினார்.

மதியம் கூட்டம் கலைந்ததும் எல்லாரும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். இது பீரோவின் கைக்குத் தெரிந்த வேலை. எட்டு எட்டாகத் தூக்கினான். அத்தை வந்து பக்கத்தில் நின்றாள்.

"எண்ணத் தெரியாதவனுக்குப் பொண்ணு கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"மன்னிச்சிடுங்க அத்தை."

"எதுக்கு? அந்தப் பொய் ஓட்டுல நின்னிருந்தா அந்தக் கதையை நானே கிழிச்சுப் போட்டிருப்பேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டமா இப்ப?"

"இல்ல அத்தை. ஒரு வருஷம் கெடச்சிருக்கு. இனிமேதான் படிக்கணும், வரிசை போடணும். 'யாருக்கும் வேண்டாம்'கூட ஜெயிக்கலாம்."

"ஜெயிக்கட்டுமே. படிச்சுட்டு வேண்டாம்னு சொன்னா எனக்குச் சந்தோஷம்தான்."

டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கி வந்தார். இறங்கியதும் சாதாரணப் பொம்பளையாக, காலை நீட்டி நீட்டி நடந்தார். "இப்ப நான் தலைவர் இல்லை. இப்பக் கேக்கலாம். அந்தப் புத்தகம் எங்கங்க கிடைக்கும்?"

பீரோ இடுப்புப் பையைத் திறந்தான். அவன் படித்த பிரதிதான். ஓரமெல்லாம் விரல் அழுக்கு, கடினமான வார்த்தைகளுக்குக் கீழே பென்சில் கோடு. கூச்சத்தோடு நீட்டினான். அவர் அங்கேயே, அடுக்காமல் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பினார்.

மேகம் வந்து அந்த நாற்காலியை எடுக்கப் போனார். பீரோ வாயில் விரல் வைத்துக் காட்டினான். அவர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார், தலையாட்டினார், "அடுத்தது எனக்கு" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு வேறு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. நடுவில் அந்த ஒற்றை நாற்காலி மட்டும் நின்றது. அத்தை கதவோரம் நின்று, பக்கம் புரள்கிற ஒவ்வொரு தடவையும் முள்ளைப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.