ஆற மறுத்த நாற்பத்தொன்று

சவுத் வேல்ஸின் கும் கார்வன் ஊரில் நின்றிருந்த நாற்பத்தொன்றாம் எண் நீராவி எஞ்சின், நெருப்பும் தண்ணீரும் இல்லாமலேயே ஏழு ஆண்டுகள் சூடாக இருந்தது. 1966இல் பழைய இரும்புக் கிடங்கில் அதை வெட்டித் துண்டுபோட வந்தவனை, பள்ளிக்கூடச் சமையல்காரி ஓல்வென் பிராசர் குறுக்கே நின்று விரட்டினாள். அன்று மத்தியானம் ஏறிய சூடு அது. இடுப்பின் இருபுறமும் தண்ணீர்த் தொட்டி சுமக்கும் எஞ்சின் என்பதால் ஊர்ப் பெண்களுக்கு வசதியாகப் போயிற்று. தொட்டிகளின்மேல் ரொட்டி மாவைப் பொங்க வைத்தார்கள், குழந்தைத் துணி காயப்போட்டார்கள். மழை ஓயாத அந்த ஊரில் துணி வேறெங்கே காயும்?

ஓல்வெனும் நாற்பது பேரும் ஞாயிறுதோறும் கூடித் துரு சுரண்டினார்கள், குழாய் மாற்றினார்கள், இரண்டு மைல் தண்டவாளமும் போட்டு முடித்தார்கள். தண்டவாளம் போட இடம் கொடுத்த நிலக்காரர் மட்டும் கறாராக இருந்தார். 1973 மே மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் ரயில் ஓடவேண்டும், இல்லாவிட்டால் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு ஆடு மேய்ப்பேன் என்றார். அதற்கு ஐந்து நாள் முன்பு, எஞ்சினை ஓட்ட அனுமதி தரவேண்டிய பாய்லர் இன்ஸ்பெக்டர் கிரிம்ஷா வந்து, எஞ்சினில் கை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார்.

"நல்லா ஆறினாத்தான் உள்ள புகுந்து பாக்க முடியும். இப்பப் போனா வெந்துருவேன்."

"ஏழு வருஷமா ஆறலீங்களே" என்றாள் ஓல்வென்.

"அது உங்க பாடும்மா. வெள்ளிக்கிழமை வரேன்."

ஓடைத் தண்ணீரை ஊற்றினார்கள். மீன்கடை ஐஸைக் கொட்டினார்கள். ஐஸோடு வந்த மீன் வெந்ததுதான் மிச்சம், அதையும் சாப்பிட்டார்கள். அப்போதுதான், முப்பது வருஷம் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்ட எம்ரிஸ் வாயைத் திறந்தார்.

"ஒம்மேல பாசத்துல சூடாயிருக்கு. டீசலைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லு, ஆறிடும்."

எஞ்சின் நின்ற கொட்டகையே திகைத்தது. நீராவி எஞ்சின்களை ஒழித்துக்கட்டிய டீசலின் பெயரை அங்கே வாய்தவறிச் சொன்னாலே அன்றைக்கு எல்லோருடைய டீக் கோப்பையையும் கழுவவேண்டும் என்பது சட்டம்.

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள் ஓல்வென்.

"நான் சொன்னா அதுக்கு என்ன வந்துது? அது ஒன்னைத்தானே நம்பியிருக்கு."

வெள்ளிக்கிழமை காலை ஓல்வென் எஞ்சின்முன் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "டீசல் எஞ்சின் சுத்தம். சாவியத் திருப்பினாக் கெளம்பிரும். கரி அள்ள வேணாம். எனக்கு அதான் புடிக்கும்."

அந்த நொடியே எஞ்சின் சில்லிட்டுப்போயிற்று, மேலிருந்த மாவெல்லாம் அமுங்கிவிட்டது. கிரிம்ஷா உள்ளே புகுந்து தட்டிப் பார்த்து, முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை தண்ணீர் நிரப்பித் தீ மூட்டினார்கள். தீ கொழுந்துவிட்டு எரிந்தது, நீராவி அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை முந்நூறு பேர் டிக்கெட்டோடு நின்றார்கள். வேலிக்கு அப்பால் நிலக்காரர் ஆடுகளோடு நின்றார்.

"சொன்னதெல்லாம் பொய்னு சொல்லிடு" என்றார் எம்ரிஸ். ஓல்வென் சொன்னாள். பாய்லர் இன்னும் குளிர்ந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எஞ்சின் ஓட்டுமிடத்தில் ஏறி உட்கார்ந்து, நெற்றியை இரும்பில் சாய்த்துக்கொண்டாள்.

"பொய் இல்ல. சுத்தந்தான். சாவியத் திருப்பினாக் கெளம்பும்தான். கரி அள்ள எனக்குக் கையிருக்கு, நான் அள்ளுறேன். புடிக்கும்னு சொன்னேன் பாரு, அது ஒண்ணுதான் பொய்."

நெற்றி சுட்டது. முள் எழுந்தது. பதினோரு மணி ரயில் பதினொன்று பத்துக்குக் கிளம்பியது. நிலக்காரர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பாய்லரை ஆண்டுதோறும் சோதிப்பது விதி. அடுத்த ஆண்டு அதற்கு முந்தைய நாள் ஓல்வென், டீசல் ரயிலில் இருக்கை மெத்தென்று இருக்கும் என்று சொன்னாள். எஞ்சின் வெதுவெதுப்பு வரைக்கும் ஆறியது, அதற்குமேல் ஆறவில்லை. கிரிம்ஷா கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.