ஏழு நிமிடம் முந்திய நோன்பு

அன்று பிற்பகல் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் கணவரின் தம்பி மனைவியும் எங்கள் பெண்கள் மாத இதழின் ஆசிரியருமான பத்தூல். படியெடுக்கும் இயந்திரத்தைச் சுற்றும் ஸஃபிய்யா. எங்கள் சலே நகருக்கு வெளியே தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்த ரஹ்மா. ஃபெஸ் நகரத்துப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த ஸீ இத்ரீஸின் மகள் கன்ஸாவாகிய நான். ஆண்கள் யாரும் இல்லை.

ரமளான் இரண்டாம் நாள். பாங்குச் சத்தம் எட்டாத தோட்டத்துப் பெண்களுக்காக, இதழோடு ஒரு நோன்பு அட்டவணையும் அனுப்பியிருந்தோம். அறுபது தாள். தலைப்பில் என் தந்தையின் பெயர். அவர் கைப்பட எழுதிய ஏட்டைப் பார்த்து நேரங்களைச் சொன்னவள் நான்.

ரஹ்மா செருப்பைக் கழற்றும் முன்பே, 'லல்லா' என்று என்னை மரியாதையாக அழைத்து ஆரம்பித்தாள்.

"லல்லா, உங்க தாளப் பாத்து நேத்து நோன்பு திறந்தோம். பேரீச்சம்பழத்த மென்னுக்கிட்டே முத்தத்துக்கு வந்தா, சூரியன் கடல் மேல குந்திக்கிட்டு எங்களையே பாக்குது! எம் மாமியா சொல்றா, 'படிச்ச பொம்பளைங்க சூரியனுக்கே லீவு குடுத்துட்டாங்கடி'ன்னு."

ஸஃபிய்யா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

"எங்க வாப்பா கணக்கு தப்பாது."

"கணக்கு தப்பல லல்லா, ஊருதான் மாறிப்போச்சு," என்றாள் பத்தூல் மெதுவாக. "அது ஃபெஸ்ஸுக்குப் போட்ட கணக்கு. ஃபெஸ் நமக்குக் கிழக்க இருக்கு. அங்க ஏழு நிமிஷம் முந்தியே பொழுது சாஞ்சிடும்."

பொழுது சாயுமுன் திறந்ததால், தாள் போன அறுபது வீட்டுப் பெண்களும் ஒரு நோன்பைத் திரும்ப நோற்க வேண்டும். அன்று மஃரிப் என்னும் அந்தி வேளைக்குள் திருத்தம் போய்ச் சேராவிட்டால் இரண்டு நோன்பு.

பத்தூல் பேனாவை எடுத்தாள். 'இதழில் பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதினாள். என் பெயரும் இல்லை, தந்தையின் பெயரும் இல்லை. எனக்காகத்தான் அப்படி எழுதினாள். எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது, ரஹ்மா வாயைத் திறக்கும்வரை.

"தலைப்புல பெரியவரு பேரு இருந்துச்சே! அப்ப அவருதான் தப்பாப் போட்டாருன்னுல்ல எல்லாரும் சொல்லுவாங்க?"

நான் தாளைப் பிடுங்கி, அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"எழுதிக்க பத்தூல். ஸீ இத்ரீஸின் கணக்கு ஃபெஸ் நகருக்குச் சரியானது. அதைச் சலேக்குக் கொடுத்தவள் அவர் மகள் கன்ஸா. மாலை நேரத்தோடு ஏழு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்."

"பேரு வேணுமா லல்லா?"

"பேரு இல்லாம என்ன திருத்தம்? எழுதுடி."

ஸஃபிய்யா இயந்திரத்தைச் சுற்றினாள். ஈரம் காயுமுன் தாள்களைக் கூடையில் வைத்து, மேலே புதினாவைப் பரப்பிக்கொண்டு ரஹ்மா ஓடினாள். அன்று அத்தனை வீட்டிலும் சூரியன் மறைந்த பிறகுதான் நோன்பு திறந்தார்கள்.

பெருநாள் கழிந்து ஒரு வியாழக்கிழமை, விட்ட நோன்பை எல்லோரும் ஒன்றாக நோற்று எங்கள் வீட்டு முற்றத்தில் திறந்தார்கள். ஹரீராக் கஞ்சியை நானே ஊற்றினேன். ரஹ்மாவின் மாமியார் மூன்று கிண்ணம் குடித்தார். சந்தா கட்டிவிட்டுப் போனார்.

பத்தூல் அவசரத்தில் தவறாக எழுதினாள், குடும்ப மானத்துக்காகப் பழியை நான் ஏற்றேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அச்சுக்குப் போகுமுன் இது சலேக்குப் பொருந்துமா என்று அவள் இரண்டு முறை கேட்டாள். பேசாமல் எழுது என்று சொன்னவள் நான்.