மாற்றாத சட்டை

பஸ் கம்பெனியை மூடியபோது கண்டக்டருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. அந்த வயதில் யார் வேலை தருவார்கள்? காளான் வளர்க்கலாம் என்று எவனோ சொன்னான். மனுஷன் ஆழம் தெரியாமல் காலை விட்டார். பின்னறைக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, வைக்கோல் அடைத்த பைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். காளானா வராது? எல்லாப் பையிலும் ஒரே சமயத்தில் பொங்கிக்கொண்டு வந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீடுகளுக்குச் சும்மா கொடுத்தது போக மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களை அனுபவம் உள்ளவர்களோடு சேர்த்துவிடுவது விவசாயிகள் சங்கத்தின் வழக்கம். அப்படித்தான் கண்டக்டருக்கு மேடம் வாய்த்தாள். மேடம் என்றதும் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அவரைவிடப் பத்து வயது சின்னவள். மூன்று கொட்டகை போட்டுக் காளான் வளர்த்து, அதிலேயே குடும்பத்தை நிமிர்த்தியவள்.

வந்ததும் கேட்டாள்: "விக்க இடம் பாத்துட்டு வளத்தீங்களா, இல்ல வளத்துட்டு இடம் தேடுறீங்களா அண்ணே?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார்.

பைகளை ஒரே நாளில் போடக் கூடாது, வாரா வாரம் கொஞ்சமாகப் போட்டால்தான் தினமும் பறிக்கக் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தாள். சொன்னதோடு விட்டாளா? தன் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கடை கடையாக ஏறி இறங்கினாள். "கூடப் பொறந்தவங்ககூட இப்படி அலைய மாட்டாங்க" என்று கண்டக்டரின் மனைவி மாய்ந்து மாய்ந்து சொன்னாள். கடைசியில் ஒரு பெரிய ஓட்டல் சிக்கியது. தினமும் வேண்டும், நிறைய வேண்டும் என்றார்கள். "நானும் அண்ணனும் சேர்ந்து தர்றோம்" என்றாள் மேடம். ஓட்டல் மேனேஜர் அவள் கொட்டகையை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மேடம் கறார். ஈரம் வடியாத வைக்கோலை அடைத்தால் பையில் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். பிடித்தால் காளானைத் தின்றுவிடும்.

"பச்சை விழுந்தா மறைக்காதீங்கண்ணே. பையைப் பொதைச்சுட்டு எனக்கு போன் பண்ணுங்க. என் கொட்டகைப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. கண்ணுக்கே தெரியாத தூள் அது. சட்டையில ஒட்டிக்கிட்டு வந்து என் பொழப்பையே தின்னுடும்."

மேனேஜர் வருவதாக இருந்த அன்று காலையில் பார்த்து ஒரு பையில் பச்சை. அவசரப்பட்டு அடைத்த வைக்கோல், வேறென்ன! புத்தியுள்ளவன் என்ன செய்வான்? இவர் ஈரத்துணியை எடுத்து, பஸ் சீட்டில் கொட்டிய டீயைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தார். பூஞ்சைத் தூள் கை, சட்டை எல்லாம் அப்பிக்கொண்டது.

"ஏங்க, மேடத்துக்கு போனைப் போடுங்க" என்றாள் மனைவி.

"போட்டா வராதீங்கன்னுடுவாங்க. மேனேஜர் வர்ற நேரத்துல நான் இல்லைன்னா ஆர்டர்ல நம்ம பங்கு போச்சுடி."

"குளிச்சு சட்டையையாவது மாத்திட்டுப் போங்க."

"பஸ் போயிடும்."

போனார். அதே சட்டையோடு போனார். மேனேஜருக்குக் கொட்டகை பிடித்துவிட்டது, ஆர்டர் கையில் விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் கண்டக்டருக்குக் கை சும்மா இருக்குமா? மூன்று கொட்டகையிலும் பை பையாகத் தொட்டுத் தடவிக் காட்டினார், பாவி மனுஷன்.

அடுத்த வாரம் மேடம் அவர் அறையைப் பார்க்க வந்தாள். அதற்குள் பச்சை விழுந்த பைகளை அவர் புதைத்திருந்தார். "எல்லாம் நல்லா இருக்கு மேடம்" என்றார். அவள் நம்பினாள். அவளுக்கு நம்பத்தான் தெரியும்.

அதன்பிறகு மிச்சமிருந்த பைகளிலும் பச்சை ஏறியது. ஒன்று தப்பவில்லை. சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தவரின் வீட்டு வாசலில் ஒரு மத்தியானம் மேடமே வந்து நின்றாள். கேட்டைத் திறந்து உள்ளே வரவில்லை.

"மூணு கொட்டகையும் பச்சை அண்ணே. எல்லாத்தையும் எரிச்சுட்டேன். உங்க ரூம் எப்படி இருக்கு?"

"இங்கயும்தான் மேடம்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான்தான். போன தடவை வந்தேன்ல, நான்தான் கொண்டுவந்து ஒட்டிட்டுப் போயிருக்கேன். ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நானே இப்படிப் பண்ணிட்டேனே! என்னை மன்னிச்சுடுங்கண்ணே."

கண்டக்டர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கத்துல இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டாங்க. இனிமே யாருக்கும் சொல்லிக்கொடுக்கிறதா இல்லைன்னுட்டேன். எனக்கு என்ன தகுதி இருக்கு? இவ்வளவு கொட்டகையைச் சுத்தம் பண்ணித் திரும்ப எழுந்திரிக்க எனக்குத் தெம்பும் இல்ல. வேற வேலைக்குப் போறேன். உங்களுது ஒரே ரூம். சுண்ணாம்பு அடிச்சு, காயவிட்டு, புது வைக்கோல் போட்டா சீக்கிரமே எழுந்துடலாம். ஓட்டல் ஆர்டர் முழுசையும் நீங்களே எடுத்துக்கங்க. நான் பண்ணின பாவத்துக்கு வேற என்ன செய்ய முடியும்?"

"மேடம், அது வந்து..."

"வேண்டாம்னு சொல்லாதீங்கண்ணே. உங்க கால்ல வேணா விழறேன்."

அதற்குள் நம்பரைப் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் மேனேஜர் குரல். "சார், இனிமே அண்ணன்தான் தருவாரு. நான் கூட இருந்து பாத்த ஆளு. வாயில பொய்யே வராது" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு மேலாக போனை நீட்டிப் பிடித்தாள். கண்ணால் ஜாடை காட்டினாள், பேசுங்க என்று.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் மனசாவது மிஞ்சும். வாயைத் திறந்தார்.

"வணக்கம் சார். அடுத்த மாசத்திலிருந்து தந்துடுறேன் சார்."

மேடம் போனை அணைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பேசினீங்கண்ணே" என்றாள்.