மேஸ்திரியின் கிண்ணம்

பின்னங்காலில் பதினொரு தையலோடும் எலும்புக்குள் ஒரு கம்பியோடும் எங்கள் பூனை மேஸ்திரி வீடு திரும்பியபோது, என் மாடி அறையில் வைத்துக்கொள்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கீழே அண்ணியின் தையற்கடை. அளவு கொடுக்க வருகிறவர்களால் வாசற்கதவு நாளெல்லாம் திறந்தே கிடக்கும். ஆறு வாரம் பூனை குதிக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தவிர, என் அறை அமைதியானது. அச்சுப்பிழை திருத்துவது என் வேலை. அமைதியைவிட நல்ல மருந்து கிடையாது என்பது என் எண்ணம். மெஷின் சத்தம் மேலே வராதிருக்க, கதவிடுக்கில் பழைய துணியை அடைத்து ஐந்து வருடம் ஆகிறது.

மேஸ்திரி என்பது அண்ணி வைத்த பெயர். தான் பார்க்காமல் எந்தத் துணியும் வெட்டப்படக் கூடாது என்பதுபோல மேசையைச் சுற்றிச் சுற்றி வரும்.

ஜன்னலை மூடினேன். மின்விசிறியைக் குறைத்தேன். தையலை நக்காதிருக்க அதன் கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூம்பு தரையில் இடிக்காதபடி, இரண்டு தடித்த புத்தகங்களின் மேல் கிண்ணத்தை வைத்தேன். வேகவைத்த கோழியை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. நானும் பக்கத்தில் ஓசையில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மருத்துவரை அழைத்தேன்.

“பூனை இப்படிப் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும்” என்றார். “சாயங்காலத்துக்குள்ள தானா சாப்பிடலைன்னா கூட்டிட்டு வாங்க. கழுத்துல குழாய் வைக்கணும். அதுக்குத் திரும்ப மயக்க மருந்து. இந்த உடம்பு தாங்குமான்னு உறுதியா சொல்லத் தெரியலை.”

அண்ணியிடம் சொன்னேன். மேலே வந்து அறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன தம்பி, ரூம் இழவு வீடு மாதிரி இருக்கு?”

“ஓய்வெடுக்கட்டும்னுதான் அண்ணி.”

“குட்டியில இருந்து என் மெஷினுக்கு அடியில, வெட்டுத்துணிக் கூடையில தூங்குறது இது. சத்தம் நின்னாத்தான் முழிச்சுப் பார்க்கும். உன்னை மாதிரியே அதையும் நெனச்சுட்டியா?”

கீழே போய் அண்ணனைக் கூட்டி வந்தேன். இரும்புக் கால்களோடு மெஷினை இருவருமாகப் பதினான்கு படி ஏற்றினோம்.

“என் இடுப்புக்கும் ஒரு கம்பி வைக்கச் சொல்லு” என்றார் அண்ணன்.

“வைக்கலாம். ஆறு வாரம் வெளிய போகக் கூடாது, பரவாயில்லையா?” என்றார் அண்ணி.

கீழிருந்து கொண்டுவந்த கூடையை அண்ணி மெஷினுக்கடியில் வைத்து, மேஸ்திரியைப் படுக்கையோடு தூக்கி அதில் விட்டார். கிண்ணத்தையும் புத்தகங்களையும் பக்கத்தில் நகர்த்தினேன். அண்ணி தலையணை உறை தைக்கத் தொடங்கினார். அறை அதிர்ந்தது. கூம்புக்குள் ஒரு காது மட்டும் திரும்பியது. வேறொன்றும் நடக்கவில்லை. மூன்று உறை, நான்கு உறை. மதியம் போயிற்று. வெயில் சுவரை விட்டு இறங்கும் நேரத்தில், மெஷின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. நாக்கு கிண்ணத்தைத் தொடும் சத்தம். ஐந்து வருடமாக நான் வெளியே நிறுத்தி வைத்திருந்த அந்த இரைச்சலுக்கு மனதுக்குள் கைகூப்பினேன்.

கீழே யாரோ கூப்பிட்டார்கள். அண்ணி கதவைச் சாத்திவிட்டு இறங்கினார். மெஷின் நின்றது. மேஸ்திரி தலையை நிமிர்த்தியது. கிண்ணத்தில் பாதி மீதமிருந்தது.

கதவிடுக்கிலிருந்த துணியை உருவி வந்து ஊசிக்கடியில் கொடுத்தேன். முக்காலியில் உட்கார்ந்து, அண்ணி மிதிப்பதைப் பார்த்திருந்தபடி மிதித்தேன். இரண்டு அங்குலம் போவதற்குள் நூல் அறுந்தது. மிதித்துக்கொண்டே இருந்தேன். மேஸ்திரி மறுபடி குனிந்தது.

“தம்பி, மெஷின் நூல் இல்லாம ஓடுது” என்று கீழிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“தெரியும் அண்ணி. சாப்பிடுது.”



“அப்ப நிறுத்தாத” என்றார்.